நெல் காவலில் காதில் விழுந்த இங்கிலாந்து சர்ச் பாட்டு: எந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஒரு சந்தேகம், வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

சம்பா அறுத்து, நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் களத்தில் கொட்டியாயிற்று. முறை வருகிற வரைக்கும் குவியல் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுக்க வேண்டும். ஆடு மாடு வரும், தூறல் விழுந்தால் படுதாவை இழுத்து மூட ஆள் வேண்டும், நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஏதோ ஒரு பழைய நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டு, ஹெட்போனோடு கண் அசந்துவிட்டேன். யூடியூப் அதன் இஷ்டத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறது. விழித்தபோது மணி இரண்டரை இருக்கும். காதுக்குள் ஒரு கூட்டமே பாடுகிறது. பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் குரல் மாதிரி உச்சியில் ஒன்று, அடியில் கனமாக ஆண்கள், நடுவில் எத்தனை பேர் என்று பிரிக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தவன் பாட்டு முடிகிற வரை அசையவில்லை. பனியில் போர்வை நனைந்திருந்தது அப்புறம்தான் உறைத்தது.

பெயரைப் பார்த்தேன். பாட்டு ஸ்டாபாட் மாட்டர், இசையமைத்தவர் ஜான் பிரவுன் என்று போட்டிருந்தது, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பாட்டாம். அடுத்தடுத்த ராத்திரிகளில் தேடித் தேடி டன்ஸ்டபிள், லியோனல் பவர் என்ற பழைய இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய இன்னும் சில கேட்டேன். சிக்கல் இதுதான்: ஒன்றையும் திரும்பப் பாட முடியவில்லை. மெட்டு எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. பல்லவி மாதிரி எதுவும் திரும்பி வருவதில்லை. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் நாலு வரிக்குள் கை நழுவுகிறது. ஐந்து நிமிடம் கழித்து மனம் நெல் விலைக்கும் ஈரப்பதத்துக்கும் போய்விடுகிறது, ஆனால் பாட்டு முடிந்ததும் ஏதோ ஒரு சத்தம் மட்டும் காதில் நிற்கிறது, அது போகமாட்டேன் என்கிறது.

என் சங்கீத ஞானம் தாத்தா திருவையாற்று ஆராதனைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் வந்தது. சங்கராபரணம், கல்யாணி சொல்லுவேன், தோடி என்றால் ஊகம். சர்ச்சுக்குள் வேளாங்கண்ணியில் இரண்டு தடவை போனதோடு சரி. லத்தீன் தெரியாமல், நம்பிக்கையும் வேறாக இருக்கிறவன் இதை எப்படிக் கேட்க வேண்டும்? எதிலிருந்து தொடங்குவது? "அப்பாவுக்குக் களத்துமேட்டில் பேய் பிடித்துவிட்டது" என்று பையன் சிரிக்கிறான், அவனுக்குப் பதில் சொல்லவாவது ஏதாவது எழுதுங்கள்.

குடமுருட்டி அக்கா எழுதியது:

அண்ணா, இருபது வருடமாகக் கொயரில், அதாவது சர்ச் பாடகர் குழுவில், பாடுகிறேன், பூண்டி மாதா கோவிலிலிருந்து சைக்கிள் தூரத்து ஊர். நீங்கள் கேட்டது வியாகுல மாதா பாட்டு. சிலுவையடியில் மகனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தாய். நம் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை வயதான அம்மாக்கள் வந்து உட்கார்ந்து ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுவார்களே, விஷயம் அதேதான். அதைத் தெரிந்துகொண்டு இன்னொரு தடவை கேளுங்கள், பாதி லத்தீன் புரிந்த மாதிரி ஆகிவிடும். நடுவில் ஓர் இடத்தில் குரல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து "குரூசிஃபிகே" என்று கத்தும். "அவனைச் சிலுவையில் அறை" என்று கூட்டம் போடுகிற கூச்சல் அது. அதுவரை அழுத குரல்கள்தான் அந்த வரியில் கொலைகாரக் கூட்டமாக மாறுகின்றன. எனக்கு இன்னும் அந்த இடத்தில் வயிறு பிசையும்.

அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு புத்தகத்தால். இங்கிலாந்தில் ஈட்டன் கல்லூரியில் 1500ஐ ஒட்டிச் சில வருடங்களில் எழுதிய பாட்டுப் புத்தகம், ஈட்டன் குவயர்புக் என்பார்கள். உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், விரித்து வைத்தால் நம் வீட்டு ஜன்னல் அளவுக்கு வரும். அவ்வளவு பெரிதாக எழுதக் காரணம், ஆளுக்கொரு பிரதி கிடையாது. ஒரே புத்தகத்தை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுச் சிறுவர்களும் பெரியவர்களும் சுற்றி நின்று பாடுவார்கள். விரித்த இரண்டு பக்கத்தில் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கட்டம். மேல்குரல் ஒரு மூலையில், கீழ்க்குரல் வேறு மூலையில், ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதியிருக்காது. பாடுகிறவனுக்குத் தன் வரிதான் கண்ணில் படும், மற்றவர் என்ன பாடுகிறார்கள் என்பது காதில் வந்து சேர வேண்டியதுதான்.

1440இல் ஆறாம் ஹென்றி ராஜா அந்தக் கல்லூரியை ஆரம்பித்தபோதே, தினம் சாயங்காலம் மாதா சுரூபத்துக்கு முன் நின்று கொயர் மாதா பாட்டுப் பாட வேண்டும் என்று விதி போட்டுவிட்டார். அதனால்தான் அந்தப் புத்தகத்தில் பெரும்பாலும் மாதா பாட்டுகளாகவே இருக்கும். சால்வே ரெஜினா என்று நிறைய வரும். பயந்துவிடாதீர்கள், எங்கள் வீடுகளில் ஜெபமாலை முடிந்ததும் சொல்கிற "கிருபை தயாபத்து" மந்திரம்தான் அது. என் ஆயா அதை மூச்சுவிடாமல் அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பார். ஈட்டன்காரர்கள் அதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்றால், நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். என்னை முதலில் ஆல்டோவில் நிறுத்தினார்கள், பெண்களில் கீழ்க்குரல் அது, மேல்குரல் சோப்ரானோ. ஒரு வருடம் முழுக்க, நான் பாடுவதுதான் மெட்டு, சோப்ரானோக்காரிகள் மேலே ஏதோ அலங்காரம் செய்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்! நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மெட்டைத் தேடாதீர்கள். ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு, அது போகிற வழியெல்லாம் போங்கள், மற்றவர்கள் வந்து போகட்டும். முதல் தடவை மேல்குரல், அது தானாகவே காதில் விழும். அடுத்த தடவை அடிக்குரல். நடுக்குரலைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். ஈட்டன் பாட்டுகளில் ஒரு வசதி இருக்கிறது: முழுக் கொயரும் எப்போதும் பாடாது. இரண்டு மூன்று குரல் மட்டும் வெகுநேரம் பேசிக்கொள்ளும், திடீரென்று எல்லோரும் சேர்வார்கள், மறுபடி கலைவார்கள். அந்த இரண்டு மூன்று குரல் இடங்களில் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். வேளாங்கண்ணிக்கு மொட்டை போட வருகிறவர்களிடம் யாரும் ஞானஸ்நானச் சான்று கேட்பதில்லை அண்ணா.

ஐயாறு வயலின் எழுதியது:

சங்கராபரணம் தெரியும் என்று சொல்லிவிட்டீர்கள், எனக்கு அது போதும். நான் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவன், இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு.

உங்கள் காதில் நிற்கிற அந்தச் சத்தம் என்ன என்று சொல்கிறேன். சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புரா பக்கத்தில் உட்கார்ந்தால், யாரும் மீட்டாத காந்தாரம் (க) ஒன்று மந்திரத் தந்தியிலிருந்து தானாக எழும்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஆதார ஷட்ஜத்தோடு (ச) 5/4 விகிதத்தில் வருகிற அந்தர காந்தாரம், சங்கராபரணத்தில் வருகிற அதே க. அந்தக் காந்தாரத்தில் இளைப்பாறுவதுதான் இடைக்கால இங்கிலாந்துப் பாட்டின் தனி ருசி. அந்தக் காலத்து ஐரோப்பிய சாஸ்திரப் புத்தகங்களில் இதற்கு அவ்வளவு மரியாதை இல்லை. அவர்கள் ச-ப உறவை வைத்தே கணக்குப் போடுவார்கள்: ச-விலிருந்து ப, ப-விலிருந்து ரி, ரி-யிலிருந்து த, த-விலிருந்து க. அப்படி நாலு தாவு தாவிப் பிடித்தால் க-வின் விகிதம் 81/64, கொஞ்சம் ஏறிப்போய் உறுத்தும். அதனால் ச-ப, ச-ம இரண்டும்தான் முழு இணக்கம், ச-க அரைகுறை என்று வைத்திருந்தார்கள். 1300ஐ ஒட்டி ஈவ்ஷம் மடத்தில் வால்ட்டர் ஓடிங்டன் என்ற துறவி இருந்தார். ஏட்டுக் கணக்கு எப்படி இருந்தாலும் பாடகர்களின் தொண்டை அந்த க-வை இனிமையான இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது என்கிற அர்த்தத்தில் எழுதிவைத்திருக்கிறார். சாஸ்திரம் எழுதுகிறவர் பாடுகிறவன் தொண்டையை நம்புவது அபூர்வம், எந்த ஊரிலும்!

சரி, இதை நீங்களே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஃபேபர்டன் என்று ஒரு முறை. பழைய ஜபப் பாட்டு ஒன்று ஏட்டில் ஒற்றை வரியாக இருக்கும். நடுவில் நிற்பவர் அதை அப்படியே பாடுவார். மேலே நிற்பவர் எப்போதும் அதற்கு நாலாவது ஸ்வரத்தைப் பாடுவார். கீழே நிற்பவர் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து ஸ்வரம் கீழே, இடையில் எல்லாம் மூன்று ஸ்வரம் கீழே. தன்னையும் சேர்த்து எண்ண வேண்டும். ஏடு ஒன்றுதான், மற்ற இரண்டு வரியையும் எழுதுவது கிடையாது, மனக்கணக்கு.

நடுவர் ப-வில் தொடங்குகிறார் என்று வையுங்கள். கீழே ச, நடுவில் ப, மேலே தார ஸ்தாயி ச. இது நம் தம்புராதான், புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்து நடுவர் ப-விலேயே நிற்க, கீழே இருப்பவர் ச-வை விட்டு க-வுக்கு ஏறுகிறார்: க-ப-ச. அந்த இடத்தில் ஓர் அறையின் விளக்கைப் போட்ட மாதிரி இருக்கும். நடுவர் த-வுக்குப் போனால் ம-த-ரி. இப்படி மூன்று குரலும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் மறுபடி ச-ப-ச-வில் வந்து உட்காரும். ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். நடுவர் ம-வைத் தொட்டால் மேலே சங்கராபரணத்துக் காகலி நி பாடக்கூடாது, இரண்டும் சண்டை போடும், அதைவிடக் கொஞ்சம் இறங்கிய கைசிகி நிதான் பாட வேண்டும். அந்தக் கணத்துக்கு மட்டும் சங்கராபரணம் அரிகாம்போதிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். கீபோர்டில் வாசித்துப் பார்க்காதீர்கள், அதன் காந்தாரம் கொஞ்சம் ஏறியே இருக்கும். மூன்று பேர் வாயால் பாட வேண்டும், சுருதிப் பெட்டி ஓடட்டும்.

தாளம் இல்லை என்றீர்கள், உண்டு, தட்டிக் காட்டமாட்டார்கள், அவ்வளவுதான். ஈட்டன் பாட்டுகள் பெரும்பாலும் முன்பாதி மூன்று மூன்றாகவும் பின்பாதி இரண்டு இரண்டாகவும் நடக்கும். மாறுகிற இடத்தில் நடை சட்டென்று கெட்டிப்படுவது தெரியும். குரல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அழுத்தம் கொடுப்பதால் உங்கள் கை நழுவுகிறது. தொடையை விடுங்கள், தனி ஆவர்த்தனம் ஒன்றும் வரப்போவதில்லை.

எதிலிருந்து தொடங்க? பிரவுன் பெரிய ஆறு, முதலில் வாய்க்காலில் இறங்குங்கள். டன்ஸ்டபிள் எழுதிய "க்வாம் புல்க்ரா எஸ்", மூன்றே குரல், இரண்டரை மூன்று நிமிடம். வார்த்தைகளை மூவரும் அநேகமாக ஒன்றாகவே சொல்வார்கள், அதனால் பிரிந்து தேட வேண்டாம். பைபிளில் உள்ள உன்னத சங்கீதத்து வரிகள், நாயகன் நாயகியைப் புகழ்கிற இடம். அதைப் போய் மாதாவுக்குப் பாடினார்கள். நாயக-நாயகி பாவம் நமக்குப் புதிதா என்ன? அப்புறம் ஈட்டன் புத்தகத்திலேயே வில்லியம் கார்னிஷின் "ஆவே மரியா மாட்டர் தேயி", நாலு ஆண்குரல், மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும். அதன் பிறகு லியோனல் பவர். அதற்கும் பிறகு பிரவுன்.

ரேடியோ செட் ஒரத்தநாடு எழுதியது:

மேலே எழுதினவர்கள் பெரியவர்கள், நான் மைக் செட் போடுகிறவன். ஒரு எச்சரிக்கை மட்டும். இதைக் குழாய் ஸ்பீக்கரில் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தவன்.

ஒரு கிராமத்தில் மாதா தேர். விடியற்காலை நாலரைக்குப் பக்திப் பாட்டுப் போடச் சொன்னார்கள். வழக்கமான பாட்டையே எத்தனை வருடம் போடுவது, நாமும் ஏதாவது புதிதாகச் செய்வோமே என்று, பென்டிரைவில் இருந்த இந்த மாதிரி ஒன்றை மூங்கில் உச்சியில் கட்டியிருந்த நாலு குழாயிலும் விட்டேன். குழாயில் அடிச்சத்தம் வராது, மேல்சத்தமும் முழுசாக வராது, நடுவில் இருக்கிறது மட்டும் வரும். எட்டுப் பேர் பாடுவது எட்டுக் கொசுவாக வந்தது. அதோடு நாலு குழாயும் நாலு திசையில் எதிரொலிக்க, பத்து நிமிடத்தில் நாட்டாண்மை வந்துவிட்டார், "ஆம்பிளிஃபயர் புகையுதா தம்பி?" என்று. சுவாமியார் ஒருவர்தான் ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குப் பேசிய பணத்தில் ஐந்நூறு குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

அதனால் சொல்கிறேன், ஹெட்போன் நல்லது. போனில் பேஸ் பூஸ்ட், த்ரீடி என்று என்ன இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இந்தப் பாட்டில் வருகிற எதிரொலி மெஷின் போட்டது கிடையாது, கல் கட்டடம் கொடுப்பது. ஒரு குரல் நின்ற பிறகும் கூரையில் அது கொஞ்ச நேரம் நிற்கும், அடுத்த குரல் அதன்மேல் வந்து ஏறும். நம் பெரிய கோவில் உள்சுற்றில் யாராவது பாடினால் எப்படி இருக்கும், அப்படி. பேஸ் பூஸ்ட் போட்டால் இதெல்லாம் கஞ்சியாகிவிடும்.

நாற்பது குரலில் ஒரு பாட்டு இருக்கிறது, தாமஸ் தாலிஸ் எழுதியது, ஸ்பெம் இன் ஆலியம். அதைக் கேளுங்கள், எட்டுக் கொயர் ஐந்து ஐந்து பேராக. இடைக்காலத்திலேயே பெரிய சவுண்ட் அதுதான்.

ஐயாறு வயலின் எழுதியது:

தம்பி, கேட்க வேண்டிய பாட்டுதான், ஆனால் தாலிஸ் இடைக்காலம் இல்லை. அது 1570ஐ ஒட்டியது. ஈட்டன் புத்தகத்துக்கும் அதற்கும் நடுவில் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி வந்து, ரோமோடு உறவை அறுத்து, மடங்களை இழுத்து மூடி, வழிபாடே இங்கிலீஷுக்கு மாறி, இரண்டு மூன்று தடவை தலைகீழாகிவிட்டது. கேள்வி கேட்டவர் இதையும் அதையும் சேர்த்துக் கேட்டுக் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். ஐந்நூறு ரூபாய்க்கு என் அனுதாபம்.

பண்ணும் பாட்டும் எழுதியது:

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஓதுவாரிடம் சில வருடம் தேவாரம் படித்தவன். நம் பெரிய கோவிலில் ராஜராஜன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரை நியமித்து, உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று ஐம்பது பேருக்கும் நெல் அளந்து கொடுக்கச் சொல்லிக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். ஆயிரம் வருடத்துக் கணக்கு அது. இன்றைக்கு எத்தனை கோவிலில் ஓதுவார் இருக்கிறார்? அர்த்தசாமத்தில் ஒரு பதிகம் கேட்க எத்தனை பேர் நிற்கிறார்கள்? அதை விட்டுவிட்டு இங்கிலாந்து மாதா கோவில் பாட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறோமே என்று மனசுக்குள் ஓர் எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை.

ஆனால் குடமுருட்டி அக்கா எழுதியதைப் படித்த பிறகு இன்னொன்றும் தோன்றியது. ஒரே ஒரு புத்தகத்தால் கிடைத்தது என்றாரே, மற்ற புத்தகங்கள் என்ன ஆயின? நமக்காவது சிதம்பரத்தில் பூட்டிய அறை, செல்லரித்த ஏடு, நம்பியாண்டார் நம்பி, எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து மிஞ்சியதை எடுத்தார்கள் என்று ஒரு வரலாறு சொல்கிறோம். அங்கே யார் செல்?

குடமுருட்டி அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. நான் கோபிக்கவில்லை.

அங்கே செல் மனுஷன்தான். 1536 முதல் நாலைந்து வருடத்துக்குள் இங்கிலாந்தின் மடங்களையெல்லாம் மூடினார்கள். மடத்தோடு நூலகமும் போயிற்று. 1549இல் இங்கிலீஷ் ஜெபப் புத்தகம் சட்டமானதும், பழைய லத்தீன் வழிபாட்டுப் புத்தகங்களை ஒப்படைக்கச் சொல்லி அழிக்க உத்தரவு போட்டார்கள். தோல் ஏடு ஆயிற்றே, பலமாக இருக்கும் என்று கிழித்து வேறு புத்தகத்துக்கு அட்டையாக ஒட்டுவதும் உண்டு. வூஸ்டர் மடத்துப் பாட்டுகள் 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பெரும்பாலும் அப்படி அட்டைக்குள்ளிருந்தும் கிழிசல்களிலிருந்தும் எடுத்துச் சேர்த்தவைதான். அதனால்தான் பெயரே வூஸ்டர் துணுக்குகள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டின பேப்பரில் தாத்தா கையெழுத்தைப் பார்த்த மாதிரி.

ஈட்டன் புத்தகமே முழுசாக இல்லை. 224 இதழில் 126தான் மிச்சம். 93 பாட்டு இருந்ததில் 64தான் முழுதாகவோ துண்டாகவோ இருக்கிறது. பிரவுனின் பாட்டுகள் அநேகமாக அந்த ஒரு புத்தகத்தை நம்பியே பிழைத்திருக்கின்றன. டன்ஸ்டபிள் 1453இல் இறந்தார். அவர் பாட்டுகள் அதிகமும் தப்பித்ததற்குக் காரணம் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை, இத்தாலி வடக்கிலும் ஆல்ப்ஸ் மலைப் பக்கமும் இருந்தவர்கள் ஆசைப்பட்டு எழுதிவைத்துக்கொண்டதுதான். அப்போதே மார்ட்டின் ல ஃப்ராங்க் என்ற பிரெஞ்சுக் கவிஞர், எங்கள் ஊர்ப் பெரிய பாடகர்களெல்லாம் இங்கிலாந்து பாணியைப் பிடித்துக்கொண்டு டன்ஸ்டபிளைப் பின்பற்றுகிறார்கள் என்று பாட்டாக எழுதியிருக்கிறார். ஊரார் வீட்டில் கொடுத்துவைத்த விதைநெல்தான் கடைசியில் கைகொடுத்தது.

அப்புறம் ஒன்று. நீங்கள் ஒருநாள் எங்கள் கொயருக்கு வந்து ஒரு பதிகம் பாடிக் காட்டுங்கள், நாங்கள் திருப்பி ஒரு சால்வே பாடுகிறோம். நிஜமாகத்தான் கூப்பிடுகிறேன்.

பண்ணும் பாட்டும் எழுதியது:

வருகிறேன் அக்கா. தை அமாவாசை தாண்டட்டும். என்னால் ஒற்றைக் குரல்தான் பாட முடியும், எட்டாக உடைக்கச் சொல்லாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நேற்றுப் பகலில் வீட்டுக்குக் குளிக்கப் போனபோது, வயலின் ஐயா சொன்னதைச் செய்து பார்த்தோம். சுருதிப் பெட்டி தாத்தாவுடையது, துருத்தியில் ஓட்டை விழுந்து கிடக்கிறது, அதனால் போனில் இருக்கிற சுருதியைப் போட்டேன். பெண் ப பிடித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறவள், நகரமாட்டாள். நான் கீழே ச. பையன் மேலே, கிண்டலுக்குத்தான் வந்து நின்றான். மூன்று பேரும் ச-ப-ச பிடித்து நின்றோம், ஒன்றும் விசேஷம் இல்லை. அப்புறம் நான் மெதுவாக க-வுக்கு ஏறினேன். முதல் இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை, பெண் மூஞ்சியைச் சுளித்தாள். மூன்றாவது தடவை நான் கொஞ்சம் இறக்கிப் பிடித்ததும் பையன் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "யாருப்பா இன்னொருத்தர் பாடுறது?" என்றான். கொல்லையிலிருந்து அவன் அம்மா என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ம-த-ரி போகிற போது மூன்று பேரும் மூன்று ஊருக்குப் போய்விட்டோம், அது வேறு கதை.

ராத்திரி "க்வாம் புல்க்ரா எஸ்" ஆறு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அடிக்குரலைப் பிடிக்க முடிந்தது. அதற்கப்புறம் பிரவுன். அக்கா சொன்ன மாதிரி மேல்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். நடுவில் அந்தக் குரல் நின்றுவிட்டது, ஆளைக் காணோம். மற்றவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே போயிற்று என்று காத்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தபோது தெரு முனையில் தெரிந்தவர் முகம் கண்ட மாதிரி இருந்தது. கூச்சல் போடுகிற இடமும் வந்தது. நெல் விலை ஞாபகத்துக்கு வரவில்லை, வந்தது குறட்டைதான், பக்கத்துக் கட்டில் பெரியவருடையது. அவருக்கு ஒரு காதில் மாட்டிவிட்டுக் கேட்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "செத்த வீட்டிலயா, கல்யாண வீட்டிலயா?" என்றார். வியாகுல மாதா என்றேன். "அப்படிச் சொல்லு" என்று இன்னும் பத்து நிமிடம் கேட்டார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அந்த ஈட்டன் புத்தகத்தில் பதிமூன்று குரலில் ஒன்று இருப்பதாக எங்கோ பார்த்தேன், அது உண்மையா? நாளைக்கு மூட்டை பிடிக்க டோக்கன் கொடுத்துவிட்டார்கள், களத்தில் இன்றைக்குத்தான் கடைசி ராத்திரி.

ஐயாறு வயலின் எழுதியது:

உண்மை. ராபர்ட் வில்கின்சன் எழுதியது, "ஜேசுஸ் ஆவுத்தெம்" என்று தேடுங்கள், பின்னால் க்ரேதோ, அதாவது விசுவாசப் பிரமாணம், வரும். ஒரே வரியை ஒருவர் தொடங்க, கொஞ்சம் தள்ளி அடுத்தவர் அதே வரியைத் தொடங்க, அப்படியே பதிமூன்று பேர். இயேசுவுக்கு ஒரு குரல், சீடர்களுக்குப் பன்னிரண்டு, அந்தப் பிரமாணத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுச் சொல்வார்கள். சின்னப் பாட்டுதான். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு காதைக் கொடுங்கள்.

ரேடியோ செட் ஒரத்தநாடு எழுதியது:

அண்ணே, பேஸ் பூஸ்ட் அணைத்தீர்களா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அணைத்தாயிற்று தம்பி. மேற்கே மின்னுகிறது, முதலில் படுதாவை இழுத்து மூடிவிட்டு வந்து போடுகிறேன்.